நான் கட்டும் டிரை ஃப்ளை (நீர்மேல் மிதக்கும்படி முள்ளில் இறகு கட்டிச் செய்யும் செயற்கை ஈ) சிறிது நேரத்திலேயே மூழ்கிவிடுகிறது. நுவரெலியாவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு மிதக்கும்படி எப்படிக் கட்டுவது?

பெட்டைக்கோழி இறகும் பருத்தித் தையல் நூலும் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேயே இருக்கிறது. இரண்டுமே தண்ணீரைக் குடிப்பவை. தூண்டில் முள் எஃகுக் கம்பி; அது தானாக மிதக்காது. சேவல் இறகின் விறைத்த இழைநுனிகள் நீரின் மேற்பரப்பைத் துளைக்காமல் அதன்மேல் ஊன்றி நிற்பதால்தான் முள் மேலே நிற்கிறது. நீரின் மேற்பரப்பு இழுவிசைதான் அதைத் தாங்குகிறது. இழை நனைந்து துவண்டால் எல்லாம் போயிற்று.

ஆகவே முதலில் ஒரு நல்ல சேவலைத் தேடுங்கள். லயத்துப் பக்கம் வளரும் நாட்டுச் சேவல் போதும், ஆனால் முற்றியதாக இருக்க வேண்டும். யார் வீட்டிலாவது அறுக்கும் நாளில் கழுத்துத் தோலை இறகோடு கேட்டு வாங்கி, உப்புத் தடவி நிழலில் காயவையுங்கள். இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுநரம்பை ஒட்டி மங்கலான, பஞ்சுபோன்ற பகுதி தெரியும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இழைநுனியை உதட்டில் வைத்துப் பாருங்கள், குத்த வேண்டும். காட்டுக்கோழி இறகை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது நம் தேசியப் பறவை, பாதுகாக்கப்பட்ட இனம்.

நாட்டுச் சேவலின் கழுத்திறகு நீளம் குறைந்தது, ஆனால் இழை நீண்டது. அதனால் 16ஆம் எண் போன்ற சிறிய முள்ளை (எண் கூடக்கூட முள் சிறியது) இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மெல்லிய கம்பியாலான 12ஆம் எண் முள்ளில் தொடங்குங்கள். இறகை முள்ளைச் சுற்றி வளைத்துப் பார்த்தால், இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தை (தண்டுக்கும் கூர்முனைக்கும் உள்ள இடைவெளியை) போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருக்க வேண்டும்.

கட்டும்போது பருத்திக்குப் பதிலாக மெல்லிய பாலியெஸ்டர் நூலை மெழுகில் இழுத்துப் பயன்படுத்துங்கள். முள்ளின் காதை, அதாவது தூண்டில் நரம்பு கோக்கும் துளையை, ஒட்டித் தொடங்காதீர்கள். காதுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் அளவு வெறுமையாக விடுங்கள். நான் பார்த்த புதியவர்களின் ஈக்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன: இறகு காதுவரை நெருங்கிவிடும், முடிச்சுப் போட இடமிருக்காது. வாலுக்கு அதே சேவலின் விறைப்பான இழைகள் எட்டுப் பத்து, முள்ளின் தண்டு நீளத்துக்கு. உடலுக்கு முயலின் அடிமயிரை நூலில் மிக மெல்லியதாகத் திரித்துச் சுற்றுங்கள். போதாது என்று தோன்றும் அளவே சரியான அளவு. பிறகு இரண்டு இறகுகளை அடியிலுள்ள பஞ்சை நீக்கிக் கட்டி, பளபளப்பான பக்கம் முன்னே பார்க்கும்படி ஒன்றன் இடுக்கில் மற்றதைச் சுற்றுங்கள். இறக்கை வேண்டாம், அதைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம். நான்கைந்து சுற்றில் தலையை முடித்து, நிறமற்ற நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்து, காய்வதற்குள் ஊசியால் காதைத் திறந்துவிடுங்கள்.

எத்தனை சுற்று இறகு என்பதை ஓடைதான் முடிவுசெய்யும். ஆங்கிலேயர் 1882இல் முதலில் பிரவுன் டிரவுட் மீனைத்தான் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் மலையோடைகளில் நிலைத்ததோ பின்னால் வந்த ரெயின்போ டிரவுட். அது பாய்ந்தோடும் குளிர்நீரை விரும்பும் மீன். கல்லில் மோதிச் சுழலும் அப்படிப்பட்ட நீரில் அடர்த்தியான இறகு வேண்டும். தெளிந்து தேங்கும் மடுவில் அதே ஈ மீனை விரட்டிவிடும். அங்கே இரண்டு மூன்று சுற்றே போதும்.

ஆற்றுக்குப் போகுமுன் ஈயை ஒரு கிண்ணத்து நீரில் மேலிருந்து விடுங்கள். வாலும் இறகும் ஊன்றி நேராக நின்றால் சரி. பக்கவாட்டில் சாய்ந்தால் வாலிழைகள் மென்மையானவை என்று பொருள். மீன் பிடிபட்டபின் ஈயில் ஒட்டிய வழுவழுப்பைக் கழுவி, துணியில் ஒற்றி, சிலிக்கோன் களிம்பை நுனிவிரலால் லேசாகத் தடவுங்கள். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்பதால், அந்தப் பக்கம் தூண்டிலோடு கிளம்புமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த ஈயைக் கட்டியதும் பக்கவாட்டுப் படம் ஒன்றைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.