என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே! – வின்ஃபார்ம்ஸ் கேள்வி பதில்

சி ஷார்ப் நிரல்மொழியில், விண்டோஸ் திரைகளை உருவாக்க உதவும் வின்ஃபார்ம்ஸ் கொண்டு முதல் மென்பொருளை எழுதிக்கொண்டிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கடைகளுக்கு பில்லிங் எழுதிக் கொடுப்பது என் தொழில். இதில் பாதித் தவறுகளை நானே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் பதில் சொல்லத் துணிந்தேன்.

கேள்வி: அண்ணா, பட்டனை அழுத்தினால் ஒரு பெரிய எக்செல் கோப்பைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றுகிறேன். நடுவில் விண்டோ வெளுத்துப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. வேலை முடிந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

பதில்: ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் டிக்கெட் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மவுஸ் கிளிக், கீபோர்டு தட்டல், ‘விண்டோவைத் திரும்ப வரை’ என்ற உத்தரவு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். திரையைக் கவனிக்கும் யுஐ த்ரெட் என்கிற அந்த ஒரே ஆள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கிறார். எக்செல் வேலையை பட்டன் கிளிக்குக்குள் நீங்கள் வைத்ததால் அவர் கவுன்ட்டரை விட்டுக் கிடங்குக்குப் போய்விட்டார். வரிசை அப்படியே நிற்கிறது. 5 விநாடி வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் உங்கள் விண்டோ இருந்த இடத்தில் ஒரு போலி விண்டோவை நிறுத்தி, தலைப்பில் அந்த வாசகத்தை ஒட்டிவிடும்.

கிடங்கு வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள். கிளிக் மெத்தடை அசிங்க் ஆக்கி, எக்செல் படிக்கும் பகுதியை வேறு த்ரெட்டுக்கு அனுப்பும் டாஸ்க்.ரன் உள்ளே வைத்து, அதற்கு முன்னால் அவெயிட் (திரையை உறைய வைக்காமல் முடிவுக்குக் காத்திரு) போடுங்கள். 2012இல் சி ஷார்ப் 5 இந்த வசதியைக் கொண்டுவந்த பிறகு, இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலை முடியும்வரை பட்டனை டிசேபிள் செய்துவையுங்கள்.

லூப்புக்குள் அப்ளிகேஷன்.டூஈவன்ட்ஸ் (வரிசையில் நிற்பவற்றை அங்கேயே கவனிக்கச் சொல்லும் கட்டளை) போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். நானும் போட்டேன். விண்டோ உறையவில்லை, பட்டனும் உறையவில்லை. வேலை நடக்கும்போதே கடைக்காரர் மறுபடி அழுத்த, ஒரே பில் இரண்டு முறை பதிவானது. அன்று ராத்திரி முழுக்கக் கணக்கை நேர் செய்ததுதான் மிச்சம்.

கேள்வி (அதே தம்பி): டாஸ்க்.ரன் போட்டுவிட்டேன் அண்ணா. உள்ளேயிருந்து லேபிளில் ‘350 வரி முடிந்தது’ என்று காட்டப் போனால் ‘கிராஸ்-த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்’ என்று விழுகிறது. வேறு த்ரெட் தொடுகிறதா என்று பார்க்கும் சோதனையையே ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் ஓடுகிறது. போதுமா?

பதில்: போதாது. கிடங்கில் இருப்பவர் கவுன்ட்டருக்குள் கையை விடக் கூடாது என்பதுதான் சட்டம். லேபிளை, அதை உருவாக்கிய த்ரெட் மட்டுமே தொடலாம். இன்னொரு விஷயம், அந்தச் சோதனை இயல்பாக டிபக்கரில் (பிழை தேடும் கருவியில்) ஓட்டும்போதுதான் நடக்கும். இஎக்ஸ்இயைத் தனியாக ஓட்டினால் பிழை காட்டாமல் சில நாள் ஓடிவிட்டு, வாடிக்கையாளர் முன்னால் காலை வாரும். ப்ராக்ரஸ் என்ற கிளாஸின் ஆப்ஜெக்டை, டாஸ்க் தொடங்கும் முன்பே கிளிக் மெத்தடில் உருவாக்குங்கள். உள்ளேயிருந்து ரிப்போர்ட் மட்டும் சொன்னால், லேபிளை மாற்றும் வேலை யுஐ த்ரெட்டிலேயே நடக்கும். ஒவ்வொரு வரிக்கும் சொல்லாதீர்கள், நூறு வரிக்கு ஒருமுறை போதும்.

கேள்வி: இரண்டாவது ஃபார்மில் (விண்டோவில்) தேர்ந்தெடுத்த பெயரை முதல் ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸில் போடுகிறேன். பிழை இல்லை, பெயரும் வரவில்லை.

பதில்: இரண்டாவது ஃபார்மில் ‘நியூ ஃபார்ம்1’ என்று எழுதியிருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஃபார்ம். பெயர் பத்திரமாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. விபி டாட் நெட்டில் ஃபார்மின் பெயரைச் சொன்னாலே திரையில் இருப்பது கிடைக்கும், அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை வழுக்குவார்கள். இரண்டாவது ஃபார்மை, அது மூடும்வரை காத்திருக்கும் ஷோடயலாக் மூலம் திறந்து, அது மூடியதும் அதன் பிராப்பர்ட்டியிலிருந்து பெயரை முதல் ஃபார்மே எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தெரியாமல் ஒரு லேபிளை டபுள் கிளிக் செய்தேன். வந்த வெற்று மெத்தடை அழித்ததும், ஃபார்மை வடிவமைக்கும் டிசைனரே திறக்கவில்லை.

பதில்: மெத்தட் போய்விட்டது, அதைக் கூப்பிடும் வரி டிசைனர் கோப்பில் இருக்கிறது. பிழைப் பட்டியலில் அந்த வரியை டபுள் கிளிக் செய்து, அதை மட்டும் அழியுங்கள்.

கேள்வி: சார், என் கம்ப்யூட்டரில் எல்லா நாளும் ஓடுகிறது. கடையில் நிறுவினேன். 12ஆம் தேதி வரை ஓடி, 13ஆம் தேதி காலையில் ‘தேதி செல்லாது’ என்று விழுந்துவிட்டது. என் நேரம் சரியில்லையா?

பதில்: நேரத்தைக் குறை சொல்லாதீர்கள், எழுத்தைத் தேதியாக்கும் டேட்டைம்.பார்ஸைப் பாருங்கள். உங்கள் விண்டோஸில் நாள்/மாதம் என்ற முறை. கடைக் கம்ப்யூட்டரில் அமெரிக்க முறையான மாதம்/நாள். 13/05 என்றால் பதின்மூன்றாவது மாதம் ஏது? விழுந்தது.

விழுந்த 13ஐப் பற்றி எனக்குக் கவலையில்லை. விழாமல் ஓடிய பன்னிரண்டு நாள்தான் பயம். மே 3 அன்று போட்ட பில் மார்ச் 5 என்று பதிவாகியிருக்கும். நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் மே 5 மட்டும் தப்பித்திருக்கும். முதலில் பில் எண் வரிசைப்படி அடுக்கி, தேதி முன்பின் தாவும் இடங்களைத் திருத்துங்கள். அப்புறம் டெக்ஸ்ட்பாக்ஸை எடுத்துவிட்டு டேட்டைம்பிக்கர் வையுங்கள். டேட்டாபேஸுக்கு எழுத்தாக அனுப்பாமல் தேதியாகவே பாராமீட்டரில் (கட்டளைக்குள் ஒட்டாமல் தனி மதிப்பாக) அனுப்புங்கள். எழுத்திலிருந்துதான் படித்தாக வேண்டும் என்றால், தேதி எந்த வடிவில் வரும் என்று நாமே சொல்லும் பார்ஸ்எக்ஸாக்ட், அதுவும் கம்ப்யூட்டரின் அமைப்பைப் பார்க்காத இன்வேரியன்ட் கல்ச்சரோடு.

கேள்வி: ஆக்சஸ் கோப்பைத் திறக்கும்போது ‘ஏஸ் ஓலிடிபி 12.0 ப்ரொவைடர் ரிஜிஸ்டர் ஆகவில்லை’ என்கிறது. ஆனால் ஆபீஸ் இருக்கிறது.

பதில்: உங்கள் மென்பொருள் 64 பிட், ஆபீஸ் 32 பிட். ப்ரொவைடர் என்பது ஆக்சஸ் கோப்பைப் படிக்கும் டிரைவர். ஒன்றின் டிரைவரை மற்றது ஏற்றாது. பில்ட் அமைப்பில் ‘எனி சிபியு’வை எக்ஸ்86 (32 பிட்) ஆக்கிப் பாருங்கள்.

கேள்வி: எஸ்கியூஎல் சர்வரில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் சேமித்தால் ‘?????’ என்று வருகிறது. ஆனால் எங்கள் பழைய மென்பொருளில் தமிழ் நன்றாகத்தான் வந்தது.

பதில்: பழையதில் பாமினி போன்ற எழுத்துரு இருந்திருக்கும். அதில் சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகள்தான். தமிழாகத் தெரிந்தது எழுத்துரு போட்ட வேடம். இப்போது நீங்கள் தட்டுவது யுனிகோடு. டேபிளில் வார்சார் வகை நெடுவரிசையின் பழைய குறிமுறையில் தமிழுக்கு இடமில்லை என்பதால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிறது. நெடுவரிசையை, யுனிகோடை ஏற்கும் என்வார்சார் ஆக்குங்கள், மதிப்பைப் பாராமீட்டரில் அனுப்புங்கள். கொயரியில் (டேட்டாபேஸுக்கான கட்டளையில்) நேரடியாக எழுதினால் மேற்கோள் குறிக்கு முன் ‘N’ என்ற ஆங்கில எழுத்து வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்பாது, மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழி.

பாராமீட்டருக்கு மாறினால் இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தில் டி’குரூஸ் என்று பெயர் எழுதும் தூத்துக்குடிக்காரர் வந்தால், அந்த ஒற்றைக் குறி கொயரியை உடைக்காது.

கேள்வி: மென்பொருளை மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் நிற்கிறது. மறுபடி பில்ட் செய்தால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்கிறது.

பதில்: லாகின் ஃபார்மை ஹைட் செய்துவிட்டு மெயின் ஃபார்மைத் திறக்கிறீர்களா? அப்ளிகேஷன்.ரன் காத்திருப்பது லாகின் ஃபார்ம் மூடுவதற்காக. அது மறைந்திருக்கிறதே தவிர மூடவில்லை. ப்ரோக்ராம் கோப்பில் லாகினை ஷோடயலாக்கில் காட்டுங்கள். ஓகே வந்தால் மட்டும் மெயின் ஃபார்மை ரன் செய்யுங்கள். இப்போதைக்கு டாஸ்க் மேனேஜரில் நிற்பதையெல்லாம் நிறுத்திவிட்டு பில்ட் செய்யுங்கள். எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். என் சாதனை பதினொன்று.