பிபிஎல் முடிந்தது, சிபிஎல் எழுத்துத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பிபிஎல் (தனிப்பட்ட விமானி உரிமம்) வாங்கிவிட்டேன். அடுத்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) எழுத்துத் தேர்வு. டெல்லிக்குப் போய் கோச்சிங் சேர்ந்தால்தான் தேற முடியும் என்கிறார்கள். வீட்டிலிருந்தே படிக்க முடியாதா? எதில் ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் பிபிஎல்லுக்குப் படித்த மாதிரி படித்தால் போதாது. அங்கே ரெகுலேஷன் (விமான விதிகள்), நேவிகேஷன் (வழி, நேரக் கணக்குகள்), மெட் (வானிலை) மூன்றும் ஒரே தாளில் கலந்து வந்தன. இங்கே ஒவ்வொன்றும் தனித் தாள். கூடவே டெக்னிக்கல் ஜெனரல், நீங்கள் ஓட்டும் விமான ரகத்துக்கான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். ஒரு கேள்வியைக்கூட விடாமல் குறித்துவிட்டு வாருங்கள்.

நேவிகேஷனில் ஆரம்பியுங்கள். கை பழக நாளாகிற பாடம் அதுதான். கேள்வித் தொகுப்பில் விடையை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால், எண்ணை மாற்றிக் கேட்டதும் திணறிவிடுவீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை சுமார் 78 டிகிரி. வித்தியாசம் நாலரை டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 18 நிமிடம். அட்டவணையில் சூரிய உதயம் உள்ளூர் நேரப்படி 6 மணி என்று இருந்தால், உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் அப்போது 6:18. கூட்டுவதா கழிப்பதா என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாம் அந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கிறோம், சூரியன் நமக்குப் பிந்தித்தான் வரும். இதை மனதில் வைத்தால் சூத்திரமே தேவையில்லை.

மெட் உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். ஆடி மாதம் கேரளாவில் மழை கொட்டும்போது நம் பக்கம் ஏன் வறண்ட மேற்குக் காற்று மட்டும் அடிக்கிறது? ஈரக்காற்று மலையேறும்போது மேகமாகி மழையைக் கொட்டிவிடுகிறது. அப்போது ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 1.5 டிகிரிதான் குளிர்கிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த காற்று, ஆயிரம் அடிக்கு 3 டிகிரி சூடாகிறது. அடிவாரத்திலிருந்தே மேகம் என்று வைத்துக்கொண்டு 5,000 அடி ஏற்றி இறக்கிப் பாருங்கள்: 7.5 டிகிரி குறைகிறது, 15 டிகிரி கூடுகிறது. கிளம்பியதைவிட 7.5 டிகிரி அதிகச் சூட்டோடு வந்து சேர்கிறது. புத்தகத்தில் இதற்கு ஃபான் விளைவு என்று பெயர், ஆல்ப்ஸ் மலைப் படம் போட்டிருப்பார்கள். நீங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்து படியுங்கள். கிழக்கு மேற்காகக் கிடக்கும் மதுரையின் 09/27 ஓடுபாதையில் அந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் இறங்குவீர்கள் என்று அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெகுலேஷனைக் கடைசிக்கு வையுங்கள். அது ஞாபக சக்தி சார்ந்தது. சீக்கிரம் படித்தால் சீக்கிரம் மறக்கும். டெக்னிக்கலில் இன்ஜின், கருவிகள் பகுதிக்கு உங்கள் விமானத்தின் கையேடே நல்ல துணை.

சரி, கோச்சிங்? பிளஸ் டூ கணக்கில் கோணங்கள் என்றாலே தடுமாறியவர் என்றால் நேவிகேஷனுக்கு மட்டும் ஒரு வகுப்பில் சேருவது நல்லது. மற்ற தாள்களுக்காக டெல்லி வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒழுங்காக உட்கார்ந்து படிப்பீர்களா என்பதுதான் கேள்வி. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், ரேடியோ உரிமத் தேர்வு தனி. அதில் வாய்விட்டுப் பேச வேண்டியிருக்கும். இன்றிலிருந்தே தினமும் பத்து நிமிடம், விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரோடு பேசுவது போலச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.