ஆடிச் சுற்றும் கடைசல் இயந்திரத்திற்கு வெல்டிங் வேண்டுமா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் (குழந்தைகளின் விளையாட்டுப் பாத்திரங்கள்) கடைந்தெடுக்கும் உங்கள் தந்தையார் காலத்து இயந்திரத்தில் மரம் ஆடிச் சுற்றுகிறது என்றும், மரத்தைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதியின் வார்ப்பிரும்புக் காலில் விழுந்த விரிசலுக்கு வெல்டிங் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

விரிசலில் கை வைக்குமுன், பெல்ட்டைக் கழற்றிவிட்டு சுழலும் தண்டான ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 'டக்'கென்று தட்டினால் தேய்ந்தது, ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்தான். அந்த அதிர்வே காலையும் உடைத்திருக்கக்கூடும். பழைய பேரிங்கின் விளிம்பை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் எண் தெரியும். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது என்பதால், இயந்திரத்தின் பெயர்ப்பலகை அழிந்துபோயிருந்தாலும் கவலையில்லை. மரத்தூள் பறக்கும் பட்டறைக்கு இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகவே கேட்டு வாங்குங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் குழாயை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகளின் தடம் பதிந்து புதிய பேரிங்கும் இரையத் தொடங்கிவிடும்.

வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்தால், ஆறும்போதே ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடி வெடிக்கும். நான் அவசரப்பட்டு அப்படிச் செய்து, மூன்றாம் நாளே இயந்திரத்தைக் கழற்றியவன். விரிசல் காலோடு நிற்குமானால், அதன் முனையில் சிறு துளையிட்டு, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட்டால் இறுக்குங்கள். பேரிங் அமரும் துளை வரை ஓடியிருந்தால் அந்தப் பகுதியைப் புதிதாக வார்த்துக் கடைவதே நல்லது.

எது செய்தாலும், தலைப்பகுதி முனையும் மரத்தின் மறுமுனையைத் தாங்கும் வால்பகுதி முனையும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பார்த்த பிறகே சாமானுக்கு வண்ணமேற்றும் அரக்குக் குச்சியை எடுங்கள்.