புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் சில நாள் எழுகிறது, சில நாள் எழ மறுக்கிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரேயடியாகப் படுத்துவிட்ட கம்ப்யூட்டரில் பழுதைக் கண்டுபிடிப்பது சுலபம். வந்தும் வராமலும் இருப்பதுதான் ஆளைப் படுத்தும். கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே ஒழுங்காக வந்து நிற்கும். அதனால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், எப்போது மறுக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள்: காலையிலா, ரீஸ்டார்ட் செய்யும்போதா, அந்த நேரம் போர்டில் எந்த விளக்கு எரிகிறது? கீழே உள்ள கேள்விகளில் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கி நானே மாட்டினேன். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 போர்டு, டி.டி.ஆர்.5 ராம் 16 ஜிபி இரண்டு. சில நாள் உடனே டிஸ்பிளே வருகிறது. சில நாள் ஃபேன் மட்டும் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் இருட்டாகவே இருக்கிறது. ராமைத் திருப்பிக் கொடுக்கலாமா? (ஓசூர்)

அவசரப்படாதீர்கள். டி.டி.ஆர்.5 போர்டு, ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே ஓடும் சிக்னல்களின் நேரத்தைத் தானே சோதித்துச் சரிசெய்துகொள்ளும். மெமரி ட்ரெயினிங் என்பது இதுதான். முதல் தடவை போடும்போதும், பயாஸ் (போர்டிலேயே இருக்கும் துவக்க மென்பொருள்) செட்டிங்கை அழித்த பிறகும், ராமை இடம் மாற்றிய பிறகும் இதற்குப் பல நிமிடம் ஆகலாம். பல போர்டுகளில் அப்போது ராமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரியும். பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் வேலை பாதியில் அறுந்து, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

அதன் பிறகும் அடிக்கடி இப்படி ஆனால், இரண்டு ராமும் ஏ2, பி2 இடங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் அவை இரண்டாவதும் நான்காவதும். அடுத்து பயாஸை அப்டேட் செய்யுங்கள். பிறகு எக்ஸ்போவை (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் வசதி) அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். ராம் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருந்தாலும், இந்த ப்ராசஸருக்கு ஏ.எம்.டி. உறுதி சொல்வது இரண்டு ராம் போட்டால் 5200 வரைதான்; நான்கு போட்டால் 3600. அதற்கு மேல் ஓடுவது ஓவர்கிளாக். எக்ஸ்போ இல்லாமல் ஒழுங்காக வந்தால் ராம் பழுதில்லை, வேகம்தான் அதிகம்; 5600 வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ட்ரெயினிங் நடக்காமலிருக்க பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டபின் விண்டோஸ் நடுவில் உறைந்தால் மறுபடி அணைத்துவிடுங்கள். கடைசியாக ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பிழைதான். எக்ஸ்போ அணைந்திருக்கும்போதும் பிழை வந்தால், அப்போது ராமைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

மார்கழியில் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. மூன்றாவது நான்காவது அழுத்தலில் வருகிறது. அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. எல்லாம் புதிது, எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை பெட்டி) மட்டும் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. (தேன்கனிக்கோட்டை)

சந்தேகத்தை அந்த எஸ்.எம்.பி.எஸ். மேலேயே வையுங்கள். அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் சூடுபட்டு உலர்ந்துபோகும். உலர்ந்தது குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும். உங்கள் ஊர்ப் பனிக்கு அது நன்றாகவே தெரியும். மின்சாரம் நிலைத்துவிட்டது என்ற சிக்னல் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வந்தால்தான் போர்டு துவங்கும். இரண்டு மூன்று தடவை தட்டியதில் உள்ளே கொஞ்சம் சூடேறியதும் அந்தச் சிக்னல் வந்துவிடுகிறது. நல்லதென்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கி, இரவு முழுக்க அணைந்திருந்த பிறகு காலையில் பாருங்கள். மத்தியானம் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றியதும் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பாதீர்கள், அங்கே லோடே இல்லை. மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்டினாலும் பாதிதான் உறுதி, கண நேர இறக்கத்தை மீட்டர் பிடிக்காது.

எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் தீராவிட்டால், ப்ராசஸருக்கான 8 பின் கனெக்டர் கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கேபினெட்டின் ரீசெட் ஒயரைக் கழற்றிவிடுங்கள், சிக்கிக்கொண்ட பட்டனும் இதே கூத்தைக் காட்டும். போர்டுக்கு அடியில் துளையில்லாத இடத்தில், போர்டைத் தாங்கும் பித்தளைக் கால் (ஸ்டாண்ட்ஆஃப்) ஒன்று முட்டிக்கொண்டிருக்கலாம். போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, ஒரே ஒரு ராமோடு போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் புதியதில் செருகாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. எல்லாம் அந்த நொடியே போகலாம்.

இன்டெல் 12400எஃப் வாங்கினேன். பழைய கிராபிக்ஸ் கார்டு போட்டால் சில சமயம் வருகிறது. அதைக் கழற்றி போர்டின் எச்.டி.எம்.ஐ.யில் செருகினால் எப்போதுமே டிஸ்பிளே இல்லை. (அரூர்)

பெயரில் எஃப் இருந்தால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்.டி.எம்.ஐ. உங்களுக்கு வேலை செய்யாது, அது பழுதல்ல. கார்டைக் கழற்றித் திரும்பச் செருகி ஸ்க்ரூ போடுங்கள், தனிப் பவர் ஒயர் கேட்கும் கார்டாக இருந்தால் அதையும் அழுத்திச் செருகுங்கள்.

சாயங்காலம் சுற்றுவட்டாரத்தில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதும் அணைகிறது. (பென்னாகரம் அருகே)

எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படியுங்கள். இன்புட் 100–240 வோல்ட் என்றிருந்தால் 170க்கு இறங்கினாலும் தாங்கும்; 200–240 என்றிருந்தால் மாற்றுவதே நல்லது. லேபிள் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் ஆனால் எக்ஸ்டென்ஷன் போர்டின் தளர்ந்த சாக்கெட்டைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் விஷயம் வேறு. கரண்ட் நின்றபின் எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. இன்வெர்ட்டர் பின்னால் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஸ்விட்ச் இருந்தால் யு.பி.எஸ். மோடில் வையுங்கள், அதில் மாறும் நேரம் குறைவு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு யு.பி.எஸ். வாங்குவதே நல்லது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. (பர்கூர்)

எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினெட்டில் 110 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். கரண்ட் மிகச் சிறிதுதான் என்றாலும், அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ.யோ யு.எஸ்.பி.யோ செருகினால் போர்ட் எரியலாம். பாறை நிலத்தில் எர்த் குழி காய்ந்தால் பிடிப்பு போய்விடும். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். பிளக் பாக்ஸுக்குள்ளேயே நியூட்ரலை எர்த்தோடு இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள். நியூட்ரல் ஒயர் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும், அது உயிரை எடுக்கும்.

கூலர் மாற்றிய பிறகு 32 ஜிபி ராமில் 16 மட்டும் காட்டுகிறது. சில நாள் இரண்டும் தெரிகிறது. (காவேரிப்பட்டணம்)

கூலரின் ஒரு பக்கம் அதிகமாக இறுகியிருக்கலாம். நான்கு ஸ்க்ரூவையும் கொஞ்சம் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக, ஒரு தடவைக்கு அரைச் சுற்று வீதம் முடுக்குங்கள். அப்படியும் ஒரு பக்க ராம் வராவிட்டால் ப்ராசஸரை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்து, சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா தேடுங்கள். இருந்தால் ஊசியால் நிமிர்த்தப் போகாதீர்கள். சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். மூடி இல்லாமல் போனால் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.