வெயிட் தூக்குனா குடல் கேன்சர் வராதா? உரக்கடைக்காரருக்கு ஒரு பதில்

மன்னார்குடி பக்கத்துல உரக்கடை வச்சிருக்கிற ஒருத்தர் கேட்டிருக்கார்: வயசு 44, அப்பாவுக்கு 54 வயசுல பெருங்குடல்ல கேன்சர் வந்துச்சு, முன்னாடி மூட்டையெல்லாம் நானே தூக்குவேன் இப்ப ஆள் வச்சுட்டு கல்லாவுலயே உக்காந்திருக்கேன், தொப்பை போட்டுருச்சு, வெயிட் தூக்குனா குடல் கேன்சர் வராதாமே, ஜிம்ல சேரலாமா? அப்பப்ப மோஷன்ல ரத்தம் வரும், மூலம்தான், அதோட தூக்கலாமா?

கடைசியா போற போக்குல சொன்னீங்களே ரத்தம்னு, முதல்ல அதுக்கு வர்றேன். மூலம்தான்னு யாரு பாத்து சொன்னா? மூலமாவே இருக்கலாம், ஆனா அப்பாவுக்கு வந்திருக்கு, உங்களுக்கு ரத்தம் வருது, இத வச்சுக்கிட்டு நாட்டு மருந்துக்கடையில லேகியம் வாங்கித் தின்னுட்டு இருக்கக் கூடாது. பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க யாருக்காவது வந்திருந்தா 40 வயசுலயே கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியா கேமரா வச்ச குழாய விட்டு பெருங்குடல உள்ள பாக்குற டெஸ்ட்) பாக்கணும், இல்லன்னா அவங்களுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, இதுல எது முந்தியோ அது. உங்க கணக்குப்படி நாலு வருஷம் லேட்டு. குடல்ல பாலிப்னு சின்னதா ஒரு சதை வளரும், அதுல சிலதுதான் பல வருஷம் கழிச்சு கேன்சரா மாறும், டெஸ்ட் பண்றப்பவே அத வெட்டி எடுத்துடலாம். எந்த டம்பெல்லும் இந்த வேலைய செய்யாது.

சரி, வெயிட். 2019ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ரெண்டு லட்சத்துக்கு மேல பெரியவங்கள பாத்ததுல, வெயிட் தூக்குறவங்களுக்கு பெருங்குடல் கேன்சர் ஏறக்குறைய கால்வாசி கம்மியா இருந்துச்சு. ஆனா தூக்குனதாலதான் குறைஞ்சுச்சுன்னு அத வச்சு அடிச்சு சொல்ல முடியாது, தூக்குறவங்க மத்த விஷயத்துலயும் உடம்ப பாத்துக்கிறவங்களா இருப்பாங்க. காரணம் ஓரளவு புரியுது, தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய இழுத்துக்கும், இன்சுலின் அளவு இறங்கும், வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்பும் கரையும், இன்சுலினும் அந்தக் கொழுப்பும்தான் குடல் செல்லு கண்டபடி வளர உரம் போடுறது (உங்களுக்கு இது நல்லாவே புரியும்).

நடைக்கு ஆதாரம் இன்னும் பலம். பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன், கீமோ முடிச்ச 889 பேர வச்சு செஞ்ச ஆய்வு 2025ல வந்துச்சு, ஆள் வச்சு உடற்பயிற்சி பண்ண வச்சவங்கள்ல 5 வருஷம் கழிச்சு நோய் திரும்பாம உயிரோட இருந்தவங்க 80%, வெறும் அறிவுரையோட விட்டவங்கள்ல 74%. அதுல நிறைய பேர் பண்ணது வேகமா நடக்குறதுதான். அதனால ஹரித்ராநதி தெப்பக்குளத்த சுத்தி தினம் அரை மணி நேரம் மூச்சு வாங்க நடங்க, வாரத்துல ரெண்டு நாள் வெயிட்.

டாக்டர் சரின்னதும் தொடங்கலாம், ஆனா எடுத்த எடுப்புல 45 கிலோ யூரியா மூட்டைய தூக்கிக் காமிக்காதீங்க. சேர்ல உக்காந்து எந்திரிக்கிறது, சுவத்துல கை ஊனி புஷ்-அப், ஒவ்வொண்ணும் பத்து பத்து தடவை, அப்புறமா டம்பெல். மூச்ச அடக்கிட்டு முக்காதீங்க, மூலத்துக்கும் ஆகாது பிரஷருக்கும் ஆகாது. புரோட்டீன் பவுடர்லாம் வேண்டாம், நம்ம வயல்ல வெளையுற உளுந்தும் பச்சப்பயறும் போதும், அதுல நார்ச்சத்தும் இருக்கு. சாயங்காலம் டாஸ்மாக் பழக்கம் இருந்தா அத விடுங்க, சாராயம் இந்தக் கேன்சருக்கு நேரடிக் காரணத்துல ஒண்ணு.

கொலோனோஸ்கோபிக்கு முத நாளே கடைய யார்கிட்டயாவது ஒப்படைச்சிருங்க, அவங்க குடுக்கிற பேதி மருந்த குடிச்சுட்டு கல்லாவுல உக்கார முடியாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி இருந்தா அவங்களையும் பாக்கச் சொல்லுங்க, அவங்களுக்கும் அதே அப்பாதான.