சாறிக் கடைக்கு எல்.ஈ.டி: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தை காலி வீதியில் மூன்று மாடிச் சாறிக் கடை நடத்துகிறேன். வாடகைக் கட்டடம், முழுக்க ஏசி. சோக் வைத்த 4 அடி ரியூப் லைற் 120 இருக்கின்றன. சாறிகளுக்கு மேலே 50 வாற்று ஹலஜன் 60. காலை 9.30 முதல் இரவு 8.30 வரை எல்லாம் எரியும். எல்லாவற்றையும் எல்.ஈ.டிக்கு மாற்ற ஒருவர் விலை தந்திருக்கிறார். போடும் காசு திரும்பி வருமா? எல்.ஈ.டியில் சாறியின் நிறம் கெட்டுவிடும் என்று அண்ணன் தடுக்கிறார்.

பதில்: காசு திரும்பி வரும், ஐயா. ஆனால் ரியூபில் கை வைக்க முன் ஹலஜனை மாற்றுங்கள். ஒரு விளக்குக்கு என்று பார்த்தால், உங்கள் கடையில் மின்சாரத்தை வீணாக்குவதில் முதல் இடம் அதற்குத்தான்.

மாதம் 26 நாள் கடை திறப்பதாக வைத்தால் 286 மணித்தியாலம். 50 வாற்று ஹலஜனின் இடத்தில் 7 வாற்று எல்.ஈ.டி போதும். ஒவ்வொன்றிலும் மாதம் 12 அலகு மிச்சம். அறுபதுக்கும் சேர்த்து 740 அலகு அளவில் வரும். ரியூப் 36 வாற்று என்றாலும் சோக் தன் பங்குக்கு 9 வாற்று அளவில் எடுக்கும். 18 வாற்று எல்.ஈ.டி ரியூப் போட்டால் ஒன்றில் 27 வாற்று குறையும். 120 ரியூபிலும் மாதம் 925 அலகு. மொத்தம் ஏறக்குறைய 1,660 அலகு.

இதோடு கணக்கு முடியவில்லை. விளக்கு எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகிக் கடைக்குள்ளேயே நிற்கிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை மேலதிகமாகச் செலவழிக்கும். ஆகவே இன்னொரு 500 அலகு அளவிலும் குறைய இடமுண்டு. வந்த விலையை, உங்கள் பட்டியலில் ஓர் அலகுக்கு அறவிடும் கட்டணத்தையும் 2,100 அலகையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்பது தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் காட்டினால் இன்னொருவரிடம் விலை கேளுங்கள். களஞ்சிய அறை, பின்படி போன்று நாளில் ஒரு மணித்தியாலம்கூட எரியாத விளக்குகளை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அண்ணன் சொல்வதைத் தட்டிவிட வேண்டாம். மலிவு எல்.ஈ.டியின் கீழ் அரக்குச் சிவப்பு மண்நிறமாகத் தெரியும், கூறைச்சேலையின் சிவப்பு செத்துப்போகும். சாறியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கும் அம்மாமாரை நீங்கள் தினமும் காண்பீர்கள். கடை வெளிச்சத்தை அவர்கள் நம்பவில்லை. பெட்டியில் சி.ஆர்.ஐ என்று ஓர் எண் இருக்கும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, உச்சம் 100. ஹலஜன் 100ஐ ஒட்டி நிற்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எல்.ஈ.டி 80. சாறிக்கு மேலே தொங்குவதற்கு 90க்குக் குறைந்ததை வாங்கவே வாங்காதீர்கள். சிவப்புக்கென்று தனியாக ஆர்9 என்ற எண்ணும் உண்டு. விற்பவரிடம் அதையும் கேளுங்கள், 50க்கு மேல் இருந்தால் நல்லது. வெளிச்சத்தின் சாயலுக்குப் பட்டுப் பகுதியில் 3,000 கெல்வின், மற்ற இடங்களில் 4,000. 6,500 கெல்வின் நீலவெள்ளை மருந்துக்கடைக்குச் சரி, பட்டுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது கல்யாணச் சாறி எடுக்க வருபவர்கள் கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவுகளுக்கு வீடியோ அழைப்பில் காட்டித்தான் முடிவெடுக்கிறார்கள். தரம் குறைந்த டிரைவர் (எல்.ஈ.டிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி) உள்ள எல்.ஈ.டி, கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். போன் திரையில் அது கறுப்புக் கோடுகளாக ஓடும். வாங்க முன் ஒன்றைக் கொழுவி, போன் கமராவின் ஸ்லோ மோஷனில் பிடித்துப் பாருங்கள். கோடு ஓடினால் திருப்பிக் கொடுங்கள்.

ரியூபில் ஒரு சந்தேகம் வரும்: 36 வாற்று ரியூப் 3,200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) அளவில் தர, 18 வாற்று எல்.ஈ.டி 2,000தானே தருகிறது? பழைய ரியூப் நாலா பக்கமும் ஒளி வீசுவதால் பாதி கூரைக்குப் போகும், எல்.ஈ.டி கீழ்நோக்கி மட்டும் வீசும். ஆனால் உங்கள் ஃபிற்றிங்கில் நல்ல பளபளப்பான தகடு இருந்தால் வித்தியாசம் தெரியக்கூடும். ஒரு மாடியில் ஒரு வரிசையை மட்டும் மாற்றி ஒரு கிழமை பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

ஸ்ராட்டரை மட்டும் மாற்றிவிட்டுச் சோக்கை உள்ளேயே விடுவது வேலையைச் சுருக்குவது. எலக்ரீஷியனிடம் சோக்கை வெட்டிவிடச் சொல்லுங்கள். வயரிங் மாற்றிய ஒவ்வொரு ஃபிற்றிங்கிலும் "எல்.ஈ.டி மட்டும்" என்று ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். பிறகு யாராவது தெரியாமல் பழைய ரியூபைப் போட்டால் ஷோர்ட் ஆகக்கூடும். சுவிச்சை அணைத்த பின்னும் மங்கலாக எரிந்தால், சுவிச் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹலஜன் 12 வோல்ற்று வகையானால் அதன் பழைய டிரான்ஸ்போமரும் மாற வேண்டும். விலையில் அது சேர்ந்திருக்கிறதா?

உங்கள் மின் இணைப்பின் கொள்ளளவு 42 கே.வி.ஏக்கு மேல் என்றால் உச்சக் கேள்விக்கும், அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் கடை இழுத்த அதிகூடிய மின்சுமைக்கும், தனிக் கட்டணம் கட்டுவீர்கள். அதிக கட்டண நேரம் மாலை 6.30க்குத் தொடங்குவதால், கடையில் சனம் நிறையும் கடைசி இரண்டு மணித்தியாலமும் அதற்குள் விழுகிறது. மாற்றினால் இந்த இரண்டும் இறங்கும். பவர் ஃபக்டர் (இழுக்கும் கே.வி.ஏயில் எத்தனை பங்கு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற அளவு) 0.9க்குக் குறையாத விளக்கையே எடுங்கள், இல்லாவிட்டால் கே.வி.ஏயில் எதிர்பார்த்த மிச்சம் கிடைக்காது. 2022இல் மின்வெட்டு நாட்களில் ஜெனரேற்றருக்கு டீசல் தேடியது நினைவிருக்கும். 8.4 கிலோவாற்று விளக்குச் சுமை இனி 2.6தான்.

எல்.ஈ.டி 25,000 மணித்தியாலம் உழைக்கும் என்பார்கள். சிப் உழைக்கும், பெரும்பாலும் முதலில் போவது டிரைவர். இரண்டு வருட வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள். வெளிப் பெயர்ப்பலகை கடற்காற்றுக்கு நேரே நிற்பதால் அதற்குத் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி 65 வகை வேண்டும். வாடகைக் கட்டடத்தில் கூரையை வெட்டிப் பனல் பதிப்பதை நான் விரும்பமாட்டேன். ரியூபும் ஸ்பொட் லைற்றும் நீங்கள் இடம் மாறினால் கூடவே வரும்.

மீதமிருக்கும் பழைய ரியூபை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிச் சேர்க்காதீர்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, 2027க்குள் அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவெடுத்துவிட்டன. கழற்றும் 120 ரியூபிலும் அந்தப் பாதரசம் இருக்கிறது. மாநகரசபைக் குப்பையில் போடாமல் பெட்டியில் அடுக்கி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். ஒன்று உடைந்தால் ஏசியை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்து, ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். விளக்குமாறோ வெக்யூம் கிளீனரோ அங்கே வேண்டாம்.