கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிப் படிப்புக்கு எவ்வளவு செலவாகும், உதவித்தொகை கிடைக்குமா?

மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் நிரந்தரமாக வசித்து வருபவருக்குக் கட்டணம் யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) ஒன்றுக்கு 46 டாலர். 2012இலிருந்து இது மாறவில்லை. அசோசியேட் எனப்படும் ஈராண்டுப் பட்டத்துக்குத் தேவையான 60 யூனிட்டுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. வருமானம் குறைந்த குடும்பமென்றால் ‘காலேஜ் பிராமிஸ் கிராண்ட்’ அதையும் தள்ளுபடி செய்துவிடும்.

பலர் இந்தத் தள்ளுபடி கிடைத்ததும் போதுமென்று நின்றுவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். உண்மையான சுமை வாடகை, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து ஆகியவற்றில்தான் இருக்கிறது. அவற்றுக்குக் கைகொடுப்பது மத்திய அரசின் ‘பெல் கிராண்ட்’ என்ற உதவித்தொகை. 2024–25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். இது கடன் அன்று. கல்லூரிக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை மாணவரிடமே தருவார்கள் என்பதால், கட்டணம் தள்ளுபடியானவருக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் வாழ்க்கைச் செலவுக்குக் கிடைக்கும். ஆனால், பருவத்தின் 60 விழுக்காடு முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டால், ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம்.

இதற்கான விண்ணப்பம் ஃபாஃப்சா (FAFSA) எனப்படும் மத்திய அரசின் மாணவர் நிதியுதவிப் படிவம்; அது இலவசம். ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும். மாநிலம் தரும் ‘கால் கிராண்ட்’ (Cal Grant) உதவித்தொகைக்கு மார்ச் 2 என்ற கெடு தவறினாலும், சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்குச் செப்டம்பர் 2 என்ற இரண்டாவது கெடு உண்டு.

கிரீன் கார்டு உள்ளவர்கள் மத்திய அரசு உதவிக்குத் தகுதியுடையவர்கள். எஃப்-1 (மாணவர்), எச்-4 (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினர்) விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் கல்லூரி அறக்கட்டளைகள் தரும் உதவித்தொகைகளைப் பற்றிச் சேர்க்கைக்கு முன்பே நிதியுதவி அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.